கட்டி கைக்கு வந்தது, பக்கத்துத் திசுதான் வரவில்லை

நுரையீரல் கட்டியில் எந்த மரபணு கூடுதலாக வேலை செய்கிறது என்று சொல்ல, அதே நோயாளியின் கட்டி இல்லாத திசுவும் வேண்டும். அந்த ஜோடியைச் சேர்ப்பதற்குள்தான் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏவைப் பிரித்ததும், அதைப் படித்தறியும் சீக்வென்சிங்குக்கு அனுப்பியதும் சிரமமே இல்லை.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருந்தும், மருத்துவமனை அலுவலகத்தில் ஒப்புதல் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கைநாட்டு வைத்த பெரியவருக்கு உறவினர்தான் சாட்சி போட வேண்டுமாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல் கேட்பதோ ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சியை. அதைப் புரியவைப்பதற்குள் அறுவை சிகிச்சையே முடிந்துவிட்டது. மனமுவந்து சம்மதித்தவரின் திசு வீணாய்ப் போனது இன்னும் உறுத்துகிறது. வழிகாட்டுதலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பிலேயே வைத்திருங்கள்.

அடுத்த அடி தியேட்டரில். கட்டியிலிருந்து ஒரு துண்டை எங்களுக்கு எடுத்து வைத்தவர்கள், வெட்டியெடுத்த நுரையீரல் மடலின் (லோப்) மீதியை அப்படியே திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். ஃபார்மலின் பட்டால் ஆர்என்ஏ சிதைந்துவிடும். ஜோடியில் பாதி போச்சு. முதல் நாளே சொல்லியிருந்தோம், ஆனால் ஷிப்ட் மாறியதும் தகவல் அடுத்தவருக்குப் போகவில்லை. அதனால் அன்று காலை பணியில் இருக்கும் செவிலியரிடமே நேரில் சொல்லுங்கள். டப்பா மீதும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

திசுவை நீங்களே வெட்டக் கூடாது. வெட்டு விளிம்பில் புற்று இருக்கிறதா என்று நோயியல் மருத்துவர் பார்த்தாக வேண்டும், நோயாளிக்கு அதுதான் முக்கியம். கட்டியிலிருந்து தள்ளி அவரே ஒரு துண்டு கொடுப்பார். அதிலேயே மெல்லிய சீவல் ஒன்றைச் சாயமேற்றி, புற்று செல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியும் அதை முழு ஆரோக்கியத் திசு என்று எழுதிவிடாதீர்கள். புகைபிடித்தவர்களுக்குக் கட்டிக்கு வெளியேயும் மரபணு வெளிப்பாடு மாறியிருக்கும்.

ஒருவழியாக இரண்டு துண்டும் நல்ல தரத்தில் கிடைத்த அன்று ஆய்வகமே கூடி நின்று பார்த்தது. பக்கத்துத் திசுவில் ஏஜிஇஆர் மரபணுவின் ஆர்என்ஏ எக்கச்சக்கம், கட்டியில் அடிமட்டம். காற்றறைச் சுவரின் மெல்லிய செல்கள்தான் அதை நிறைய உருவாக்கும். கட்டியில் அவை அருகிப் போவதால் இந்த வித்தியாசம் வரத்தான் வேண்டும். அப்போதுதான் மாதிரிகள் இடம் மாறவில்லை என்ற நம்பிக்கையே வந்தது.

ஒரு மரபணுவின் ஆர்என்ஏ அளவை அளக்கும் கியூபிசிஆரில் சரிபார்க்கப் போகிறவர்கள், எங்கும் ஒரே அளவில் இருக்கும் என்று வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஜிஏபிடிஹெச் மரபணுவை மட்டும் ஒப்பீட்டுக்கு நம்ப வேண்டாம். குளுக்கோஸை வேகமாக எரிக்கும் கட்டியில் அதுவே ஏறியிருக்கும்.