மாமனார் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம்

டப்ளினின் பழைய பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டுவது என் வேலை. கிறைஸ்ட் சர்ச் தேவாலய வாசலில் ஆரம்பித்து, வுட் கீ பக்கம் இறங்குவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "க்ளான்டார்ஃப் போரில் ஐரிஷ்காரர்கள் வைக்கிங்குகளை விரட்டியடித்தார்களாமே?"

1014-ல் நடந்த போர் அது. நான் குடும்பக் கதையை எடுத்துவிடுவேன். டப்ளினை ஆண்ட சிட்ரிக்கின் அப்பா ஓலாஃப், நார்ஸ் அரசர், அதாவது ஸ்காண்டிநேவிய வைக்கிங் வழி வந்தவர். கடைசிக் காலத்தில் அயோனா தீவு மடத்துக்குப் போய்க் கண்ணை மூடியவர். அம்மா கோர்ம்லா, அயர்லாந்தின் கிழக்கே இருந்த லென்ஸ்டர் அரச வீட்டுக் கேலிக் பெண், அதாவது ஐரிஷ்காரி. அவர் பிற்பாடு ஐரிஷ் பேரரசர் பிரையன் போருவுக்கு மனைவியானார். சிட்ரிக் கட்டியதோ பிரையனின் மகளை! ஆக, எதிரே படையோடு நின்ற பிரையன் அவனுக்கு மாமனார், ஒரு வகையில் சித்தப்பாவும்கூட. சிட்ரிக் பக்கம் களத்தில் இறங்கிய லென்ஸ்டர் அரசர் தாய்மாமன். இந்த இடத்தில் அமெரிக்கர்கள் குழம்பிப்போவார்கள். நம்மூர்க்காரர்கள் வந்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

போரில் மாமனாரும் போனார், தாய்மாமனும் போனார். நகரத்துக்குள்ளேயே இருந்த சிட்ரிக் பிழைத்து, 1036 வரை ஆண்டான். விரட்டியடித்த லட்சணம் இதுதான். நாங்கள் நிற்கும் தேவாலயத்துக்கே 1030 வாக்கில் அடித்தளம் போட்டவன் அவன்தான்.

வுட் கீயில் 1970-களில் தோண்டியெடுத்த அந்தக் கால நகரத்தின்மேல் இப்போது மாநகராட்சி அலுவலகம் நிற்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலம் போயும் கட்டிவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசினால் வயிறு எரியும், சரி, விடுங்கள்.

கோடையில் சில குழுக்களோடு, அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவே இருக்கும் மான் தீவுக்கும் போவதுண்டு. அங்கே கிர்க் மைக்கேல் தேவாலயத்தில் இருக்கும் ஒரு கற்சிலுவைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. மால் லும்குன் என்பவர் தன் வளர்ப்புத்தாய் மால் முராவின் நினைவாக நிறுத்தியது. இரண்டும் கேலிக் பெயர்கள். அவள் அப்பா டுஃப்கால் பெயரும் அப்படியே. கணவன் அதிஸ்ல் பெயர் மட்டும் நார்ஸ். ஆனால் வெட்டியிருப்பது வைக்கிங்குகளின் ரூன் எழுத்தில், நார்ஸ் மொழியில், அதுவும் அங்கங்கே இலக்கணம் தடுமாறும் நார்ஸ். "கெட்ட மகனைவிட நல்ல வளர்ப்பு மகனை விட்டுப் போவது மேல்" என்றும் ஒரு வரி. சொந்த மகன் யாரையோ இடித்துரைக்கிறார் என்று நினைக்கிறேன்.

இவர்களில் யார் கேலிக், யார் நார்ஸ் என்று குழுவுக்குள் வாக்குவாதம் கிளம்பும். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நான் குறுக்கிடுவதில்லை.