ஒரு பரீட்சை, இரண்டு பிள்ளைகள்

சிட்னியில் தமிழ்ச் சனம் கூடுகிற எந்தப் பிறந்தநாளுக்கும் போய்ப் பாருங்கள். கேக் வெட்டுவதற்கு முன்னமே யாராவது பக்கத்தில் வந்து இருந்து, "மகன் இப்ப எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்பார். ஐந்து என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "செலெக்டிவுக்கு எந்த ரியூஷனுக்கு விடுறீங்கள்?" எங்கேயும் விடவில்லை என்று சொல்லிப் பாருங்கள், தடுப்பூசி போடாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரிகிற ஆளைப் பார்ப்பது போல ஒரு பார்வை வரும்.

செலெக்டிவ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ சவுத் வேல்ஸில் சில அரச உயர்நிலைப் பாடசாலைகளில் ஏழாம் ஆண்டில் சேர்வதற்கு ஆறாம் ஆண்டில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். வாசிப்பு, கணிதம், சிந்தனைத் திறன், எழுத்து என்று நான்கு பகுதி, நான்குக்கும் சம நிறை. இடங்கள் ஏறத்தாழ 4,200, விண்ணப்பிக்கிற பிள்ளைகள் 17,000க்கு மேல். இதற்கு முன்னோட்டம் மாதிரி நாலாம் ஆண்டில் ஓசி என்று இன்னொரு பரீட்சையும் இருக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான ஐந்தாம், ஆறாம் ஆண்டுத் தனி வகுப்புகளில் சேர்வதற்கு. ஆக, ஒன்பது வயதிலேயே ஓட்டம் தொடங்கிவிடுகிறது.

எங்களுக்கு இது புதிதில்லை. இலங்கையில் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை எழுதி வந்த சனம்தானே நாங்கள். வெட்டுப்புள்ளி எத்தனை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை, பேப்பரில் யாருடைய படம் வந்தது என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தோம். விமானம் ஏறும்போது அந்தப் பழக்கத்தையும் சூட்கேசில் வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறோம். ஜேம்ஸ் ரூஸ் என்ற செலெக்டிவ் பாடசாலை 27 ஆண்டுகள் தொடர்ந்து எச்எஸ்சி என்கிற பன்னிரண்டாம் ஆண்டுப் பரீட்சையில் முதலிடத்தில் இருந்து, 2023இல் அந்த இடத்தை நோர்த் சிட்னி போய்ஸ் என்ற இன்னொரு செலெக்டிவ் பாடசாலை பிடித்தபோது எங்கள் வாட்ஸப் குழுவில் நடந்த விவாதத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏதோ ஆட்சி கவிழ்ந்த மாதிரி. அதில் கதைத்த பாதிப்பேரின் பிள்ளைகள் அப்போது இரண்டாம் வகுப்பு.

என் கட்சி என்னவென்று கேட்பவர்களுக்கு: நான் இந்தப் பரீட்சைக்கு எதிரானவன் இல்லை. என் மூத்தவள் இப்போது ஒரு செலெக்டிவ் பாடசாலையில் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள், அது அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருக்கிறது. ஆரம்பப் பாடசாலையில் கொடுத்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அழிறப்பரில் முகம் கீறிக்கொண்டிருந்த பிள்ளை. எல்லாக் கேள்விக்கும் கை உயர்த்தினால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தவள். இப்போது பஸ்ஸில் வரும்போதே சிநேகிதிகளுடன் ஏதோ ஒரு தலைப்பில் வாதம் பண்ணிக்கொண்டு, வீட்டு வாசலில் இறங்கியும் அதையே தொடர்கிறாள். அப்படியான பிள்ளைகளுக்கு அப்படியான ஓர் இடம் வேண்டும், அதுவும் காசில்லாமல். இந்த நகரத்தில் பெரிய தனியார் பாடசாலைகளின் கட்டணம் ஆண்டுக்கு 40,000 டொலரைத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கம் பிள்ளையை விட்டிருப்பவர்கள் எங்களைப் பார்த்து "குழந்தைப் பருவத்தைக் கெடுக்கிறீர்கள்" என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வரும். இரவு வேலை செய்து வீட்டுக் கடன் கட்டுகிற தாய் தகப்பனுக்கு நல்ல பாடசாலை ஒன்று இலவசமாகக் கிடைக்கிற வழி இது ஒன்றுதான் என்று தோன்றினால், அதைப் பேராசை என்று சொல்ல என்னால் முடியாது.

ஆனால் எனக்கு இளையவன் ஒருத்தனும் இருக்கிறான்.

போன மாதம் பக்கத்துத் தெருப் பையனின் சைக்கிளில் கியர் மாறவில்லை என்று கராஜில் கழற்றிப் போட்டிருந்தான். பழைய பேப்பரை விரித்து, கழற்றின ஒவ்வொரு துண்டையும் கழற்றின ஒழுங்கிலேயே வைத்து, பக்கத்தில் பென்சிலால் இலக்கம் போட்டிருந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திருப்பிப் பூட்டும்போது கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி வந்தான். அதே பிள்ளையைச் செலெக்டிவ் மாதிரி வினாத்தாள் ஒன்றுக்கு முன்னால் இருத்திப் பார்த்தேன். விரித்த பெட்டியின் படத்தைக் காட்டி, மடித்தால் எப்படி வரும் என்று கேட்கிற கேள்விகளைக் கையைக் காற்றில் திருப்பித் திருப்பிச் சடசடவென்று முடித்தான். அதற்குப் பிறகு வந்த ஒரு கேள்வியில் பத்து நிமிடம் நின்றான். நானும் கடிகாரத்தைப் பார்க்காமல் விட்டேன். விடை சரி, ஏன் மற்ற மூன்றும் பிழை என்பதற்கும் விளக்கம் வைத்திருந்தான். ஆனால் சிந்தனைத் திறன் பகுதியில் 40 நிமிடத்துக்கு 40 கேள்வி. பரீட்சைக் கணக்கில் அவன் அந்த ஒரு விடைக்காக ஒன்பது கேள்வியைக் கைவிட்டிருக்கிறான். வாசிப்புப் பகுதியில் ஒரு கவிதை வந்தது, எந்த வரி தனிமையைக் காட்டுகிறது என்று கேட்டிருந்தார்கள். "அப்பா, இவர் உண்மையாவே தனியா இருந்தவரா?" என்று கேட்டான். அப்புறம் கவிதையை விட்டுவிட்டுக் கதையில் இறங்கிவிட்டோம்.

இவனை மூத்தவளோடு ஒப்பிட்டு ஒரு சொல் சொல்லக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. சட்டத்தைக் காப்பாற்றுவது விருந்தாளிகளிடமிருந்துதான் கஷ்டம். "அக்கா மாதிரி நீயும் எடுக்கோணும் என்ன?" என்று தலையைத் தடவிச் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

எனக்கு மெய்யாகவே எரிச்சல் தருவது ரியூஷன் இல்லை, அதற்காக நிறுத்துகிறவைதான். ஐந்தாம் ஆண்டு வந்ததும் மிருதங்கம் நிற்கும், நீச்சல் நிற்கும், கிரிக்கெட் நிற்கும், தமிழ்ப் பாடசாலையில் கதிரைகள் குறையும். "பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்பார்கள். பத்து வயதில் ஒன்றரை வருடம் விட்டதை ஒரு பிள்ளை அப்படியே திரும்பப் பிடிப்பது லேசில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன், தாளம் என்றால் சாப்பாட்டு மேசையையும் விடமாட்டான், இப்போது கேட்டால் "அது சின்னனில செய்தது" என்கிறான். அவனுக்குப் பன்னிரண்டு வயது.

இதில் இன்னொரு வேடிக்கை. இதே அரசாங்கம் வேறு திறமைகளுக்கும் ஆளெடுக்கிற பாடசாலைகள் நடத்துகிறது, எங்கள் ஆட்களில் கனபேருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் வாயில் வராது. நியூடவுனில் நிகழ்கலைப் பாடசாலை இருக்கிறது, ஆடியோ பாடியோ நடித்தோ காட்டிச் சேரலாம். இசைக்கென்றே கன்சர்வடோரியம் உயர்நிலைப் பாடசாலை நகரத்தின் நடுவில் இருக்கிறது. விளையாட்டுக்கு வெஸ்ட்ஃபீல்ட்ஸ் இருக்கிறது, உதைபந்தாட்டக்காரர் ஹரி கியூவெல் படித்த இடம். செவன் ஹில்ஸில் ஹில்ஸ் விளையாட்டுப் பாடசாலை, எங்கள் சனம் செறிந்திருக்கிற டூங்காபிக்குப் பக்கத்தில். அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்து, பட்டுச்சேலை எடுத்து, ஊரையே கூப்பிடுகிறோம். அதே பிள்ளை நடனத்துக்காக ஒரு பாடசாலையில் சேரப்போகிறேன் என்று சொன்னால் அந்த மண்டபத்தில் எத்தனை பேர் கைதட்டுவார்கள்?

முடிவு வருகிற விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது புள்ளி கொடுப்பதில்லை, ஒவ்வொரு பகுதிக்கும் பிள்ளை எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்றுதான் வரும்: முதல் 10 வீதம், அடுத்த 15, அடுத்த 25, மிச்ச 50. அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டு "எங்கட பிள்ளை சராசரிக்கும் கீழ" என்று உடைந்துபோன ஒரு தாயை எனக்குத் தெரியும். பரீட்சை எழுத வந்தவர்களில்தானே அந்த 50 வீதம்? கெட்டிக்காரர் என்று வீட்டிலோ பாடசாலையிலோ நினைத்த பிள்ளைகள்தான் பெரும்பாலும் அங்கே வந்தே இருக்கிறார்கள். மாநிலத்துப் பிள்ளைகள் எல்லாரையும் வைத்துப் பார்த்த வரிசை இல்லை அது. இதைச் சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்த்தேன், அவர் கேட்கிற நிலையில் இல்லை.

2025 மே மாதம் முதன்முறையாகப் பரீட்சையைக் கணினியில் வைத்தார்கள். பெரிய மண்டபங்களில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகளை ஒரே நேரத்தில் கூப்பிட்டதில் நெரிசல் ஏற்பட்டு, ஓர் இடத்தில் பொலிஸ் வந்துதான் கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது, சில இடங்களில் பின்னேரப் பரீட்சை தள்ளிப்போனது. நிர்வாகத்தின் பிழைதான், சந்தேகமில்லை. இருந்தாலும் பதினொரு வயதுப் பிள்ளை எழுதுகிற பரீட்சைக்குப் பொலிஸ் வருகிற அளவுக்கு அதை ஊதி வைத்ததில் எங்களுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

சரி, இளையவன் எழுதப்போகிறானா? நவம்பரில் விண்ணப்பம் திறக்கும், பெப்ரவரியில் மூடும். மனைவி, எழுதட்டும், வாசலை நாங்களே பூட்டக் கூடாது என்கிறாள். அதில் நியாயம் இருக்கிறது. எழுதினால் மூத்தவளின் நிழல் இன்னும் நீளும் என்று நான் சொல்கிறேன், அதையும் அவள் மறுக்கவில்லை. அவனைக் கேட்டோம். "ரியூஷன் சனிக்கிழமையா?" என்று மட்டும் கேட்டான். சனிக்கிழமைதான் பக்கத்துத் தெருப் பையன்கள் சைக்கிளோடு வருகிற நாள். ரியூஷன் இல்லை, வீட்டில் இருக்கிற வினாத்தாள்களை விரும்பினால் செய்து பார்க்கலாம் என்பது வரைக்கும் மனைவியும் நானும் ஒத்துவந்திருக்கிறோம். மிச்சத்துக்கு நவம்பர் வரை நேரம் இருக்கிறது.