வெயில் சுட்ட இலையும் வாடிய இலையும் ஒன்றல்ல

வெயில் சுட்ட இடம் வெளிறி, பிறகு காகிதம்போல் காய்ந்துவிடும். சூரியனைப் பார்த்த பக்கத்தில்தான் அந்தத் திட்டு இருக்கும். நிழலில் மறைந்த இலை பச்சையாகவே நிற்கும். இலை ஓரம் மட்டும் கருகினால் தண்ணீர்க் குறைவையோ மண்ணில் சேர்ந்த உப்பையோ சந்தேகியுங்கள்.

மதியம் துவண்ட செடியைக் கண்டதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை 5 செ.மீ. ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாலையில் தானே நிமிரும். மேலும் ஊற்றினால் வேர்தான் அழுகும். காய்ந்திருந்தால் உடனே, அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். மிகவும் காய்ந்த தொட்டிக் கலவை தண்ணீரை உறிஞ்சாமல் ஓரமாக வழியவிடும். அப்போது தொட்டியை வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி, எடுத்து வடியவிடுங்கள்.

கருகிய இலை மீண்டும் பச்சையாகாது. ஆனாலும் உடனே வெட்ட வேண்டாம். கீழுள்ள இலைக்கும் காய்க்கும் அதுதான் குடை. தக்காளியில் இலையை அதிகம் கழித்தால் காயில் வெள்ளைத் திட்டு விழுந்து, அங்கே பூஞ்சை ஏறும். புதுத்துளிர் வந்தபின் முழுதும் காய்ந்ததை மட்டும் நீக்குங்கள். அதுவரை உரமும் கூடாது.

காய்கறிச் செடிக்கு 30 முதல் 50 சதவீத வெயிலைத் தடுக்கும் நிழல்வலை போதும். செடியைத் தொடாமல் கட்டுங்கள். கறுப்புத் தொட்டி வேரையே சுடும், அதை இன்னொரு பெரிய தொட்டிக்குள் வையுங்கள். மண்ணை மூட வைக்கோலோ சருகோ பரப்பும் மூடாக்கு 5 செ.மீ. இருக்கட்டும், தண்டை ஒட்டாமல்.

நிழலில் வளர்ந்த கன்றை முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயிலில் வைத்து, 7 முதல் 10 நாளில் பழக்குங்கள்.