தேக்காவில் ஒரு சனிக்கிழமை, அதன்பின் ஏழு வாரங்கள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள ரெங்கத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குச் சிங்கப்பூர் வெளிநாடாகத் தோன்றியதே இல்லை. என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்தில், தீபாவளிக்குத் துணி எடுக்க எங்கள் ஊர் நிலையத்திலேயே ரயிலேறிச் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் இறங்குவோம். லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் தேக்காவுக்குப் போய், வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, மூட்டை முடிச்சுகளுடன் திரும்புவோம். தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 அன்று புறப்பட்டுவிட்டது. பால்மரங்கள் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் தரும் செம்பனை நிற்கிறது. ஆனாலும் "சும்மா சிங்கப்பூர் வரைக்கும் போய் வருகிறோம்" என்ற பேச்சு எங்கள் ஊரில் மாறவில்லை. என் தம்பி மகனும் அப்படிச் சொல்லித்தான் வீட்டிலிருந்து கிளம்பினான். அவன் திரும்பி வர ஏழு வாரங்கள் ஆயின. இதே நிலைமை இன்னொரு குடும்பத்துக்கு வந்தால் முதல் இரண்டு நாட்களில் அவர்கள் தடுமாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, அவனுடைய சம்மதத்துடன் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை அது. அவனுக்கு வயது இருபத்து மூன்று. செம்பனை ஆலையில் வேலை. நண்பர்கள் மூவருடன் சிராங்கூன் சாலையின் விளக்கு அலங்காரத்தைப் பார்க்கப் போனான். மாலையில் வாங்கி வைத்திருந்த பீர் டின்களை ஒன்பது மணிக்கு மேல் ஒரு பின் சந்தில் உட்கார்ந்து குடித்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் இரவு 10.30 மணிக்குமேல்தான் பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது பாதி உண்மை. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை தடை விதிக்கிறது. ஆனால் லிட்டில் இந்தியாவைத் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரமாக வகுத்து, சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை அங்கே பொது இடத்தில் குடிப்பதையே தடை செய்திருக்கிறது. பொது விடுமுறைகளுக்கும் அதற்கு முந்தைய மாலைக்கும் அதே தடை உண்டு. நம்மவர்கள் அந்த வட்டாரத்துக்குப் போகும் நாட்களே பெரும்பாலும் இந்த நாட்கள்தாம் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன்.

குடித்தது மட்டும் என்றால் அபராதத்தோடு முடிந்திருக்கலாம். ரோந்து வந்த அதிகாரிகள் இருவர் டின்களைக் கீழே வைக்கச் சொல்லி, அடையாள ஆவணங்களைக் கேட்டபோது, இவன் எழுந்து நின்று தமிழில் வசைபாடியிருக்கிறான். இருவரில் ஒருவர் தமிழர். நிறுத்துமாறு அவர் தமிழிலேயே இரண்டு முறை சொல்லியும் இவன் நிறுத்தவில்லை. இவனைக் கைது செய்தார்கள். மற்ற மூவரிடமும் விவரங்களைப் பெற்றுக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் இரவு இரண்டு மணிக்கு என் தம்பிக்கு அழைத்தான். தம்பி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர். பயணம் செய்ய முடியாதவர். ஆகவே பொறுப்பு என்னிடம் வந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அவனும் மூன்றாம் ஆண்டில் என் வகுப்பில் உட்கார்ந்தவன்தான்.

விடிவதற்குள் வீடு நிறைய ஆட்கள் கூடிவிட்டார்கள். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் வந்தார்கள், ஆனால் அன்று கிடைத்த ஆலோசனைகளில் பாதி, கேட்டிருந்தால் அவனை மேலும் ஆழத்தில் தள்ளியிருக்கும். பிணையில் வெளியே வந்ததும் எப்படியாவது பாலத்தைத் தாண்டி வந்துவிட வேண்டும் என்றார் ஒருவர். "உள்ளே ஆள் பிடித்து, காப்பிக் காசு ஏதாவது கொடுத்துப் பாருங்கள், டீச்சர்" என்றார் இன்னொருவர். ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் அங்கே லஞ்சம் கொடுக்க முன்வருவதே குற்றம். ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நாலு வார்த்தை திட்டியதற்கா ஒரு பிள்ளையை உள்ளே வைப்பார்கள் என்று என் தம்பியே கேட்டார். 2015-இல் நம் நாட்டுக் கினபாலு மலை உச்சியில் ஆடை களைந்து படமெடுத்துக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகள் நால்வருக்குக் கோத்தா கினபாலு நீதிமன்றம் மூன்று நாள் சிறையும் ஆளுக்கு 5,000 ரிங்கிட் அபராதமும் விதித்தபோதும், மறு ஆண்டு செப்பாங் கார் பந்தயத்தில் நம் தேசியக் கொடி அச்சிட்ட உள்ளாடையுடன் நின்ற ஒன்பது ஆஸ்திரேலியர்களைச் சில நாட்கள் காவலில் வைத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனபோதும், இதே வீட்டு வாசலில் உட்கார்ந்து "விருந்தாளியாக வந்தவனுக்கு அடக்கம் வேண்டாமா" என்று சொன்னவர் அவர். அதை நான் நினைவுபடுத்தினேன். அவர் பதில் பேசவில்லை. உள்ளே போய், தம் சேமிப்புப் புத்தகத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

காவலில் இருப்பவரைக் குடும்பத்தினர் உடனே பார்க்க முடியும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்த நான், அவனுக்கு ஒரு சட்டையையும் கொடுக்க முடியாமல் வரவேற்பறை நாற்காலியில் காத்திருந்தேன். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசமைப்பின் விதி. அந்த நேரத்துக்குள் வாக்குமூலம் பெற்றுவிட்டு, காவல்துறைப் பிணையில் விட முடியும் என்று அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே விளக்கினார். தொகை 5,000 சிங்கப்பூர் வெள்ளி. பணத்தைவிடப் பெரிய சிக்கல், பிணை நிற்பவர் சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்பதுதான். அத்தனை மைல் ஓடிவந்த அத்தைக்கு அந்தத் தகுதி இல்லை.

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் சித்தி மகள் இருக்கிறாள். தாதியாக வேலை செய்யும் நிரந்தரவாசி. ஒரு திருமணத்தில் ஏற்பட்ட மனத்தாங்கலால் நான்கு ஆண்டுகளாக எங்களுக்குள் பேச்சில்லை. அவளைத் தொலைபேசியில் அழைக்கக் கை நடுங்கியது. விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, அவன் ஓடிவிட மாட்டானே?" அவன் ஓடினால் பிணைத்தொகை அவளுக்குத் திரும்பாது, அவள் கட்டியெழுப்பிய வாழ்க்கையின் மீதும் நிழல் விழும். மாட்டான் என்று நான் சொன்னேன். எந்த உரிமையில் சொன்னேன் என்று இன்றும் யோசிக்கிறேன். அன்று மாலை இரவு வேலைக்குப் போகும் முன் வந்து கையெழுத்திட்டாள். அவன் வெளியே வந்து எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனது கடப்பிதழ் (பாஸ்போர்ட்) காவல்துறையிடமே இருந்தது. நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது. சட்டப்படி தங்கியிருப்பதற்குச் சிறப்பு அனுமதி அட்டை கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. அந்த ஏழு வாரங்களும் அவன் ஈசூன் வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்தான். மூன்றாம் வாரத்தில் ஆலையில் அவன் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அபராதம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் இந்தக் காத்திருப்பின் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்களுக்கு அதுவே அபராதத்தைவிடக் கூடுதலாக வந்தது.

திங்கட்கிழமை ஜெர்வாய்ஸ் சாலையிலுள்ள நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போனேன். கைதாகும் வெளிநாட்டவர் தம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுமாறு கேட்கலாம் என்பது 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை. தூதரகம் வழக்கைக் கைவிடச் சொல்லும் என்றோ அபராதத்தைக் கட்டும் என்றோ எதிர்பார்த்துப் போகக் கூடாது. அந்த அதிகாரம் அதற்கு இல்லை. வழக்கறிஞர்களின் பட்டியலைப் பெறலாம், குடும்பத்துக்குத் தகவல் சேர்க்கச் சொல்லலாம், காவலில் இருப்பவரைச் சென்று பார்க்கும்படி கேட்கலாம். எனக்கு அந்தப் பட்டியலே போதுமானதாக இருந்தது.

வழக்கறிஞர் முதல் சந்திப்பிலேயே அவனிடம், வாக்குமூலத்தில் என்ன சொன்னாய் என்று கேட்டார். "ஒன்றும் கெட்ட வார்த்தை பேசவில்லை, சத்தமாகப் பேசினேன், அவ்வளவுதான்" என்றான். எங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தான், நானும் நம்பியிருந்தேன். அதிகாரிகள் உடலில் கேமரா அணிந்திருந்தார்கள் என்பதை வழக்கறிஞர் நினைவூட்டியபோது அவன் முகம் மாறியது. ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்று சொல்லி வாக்குமூலத்தையும் ஆங்கிலத்திலேயே கொடுத்திருந்தான். தமிழ் அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாசித்துக் காட்டப்படும் வாக்குமூலத்தில் புரியாத இடம் இருந்தால், கையெழுத்திடும் முன் விளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இதை நான் ஊரில் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவருகிறேன்.

ஆறாவது வாரத்தில் குற்றச்சாட்டு வந்தது. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாவது பிரிவு: கடமையில் இருக்கும் பொது ஊழியரை இழிசொற்களால் ஏசியது. 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பொது இடத்தில் குடித்தது இரண்டாவது குற்றச்சாட்டு. கேமராப் பதிவைப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்வதே நேர்மையானது என்று வழக்கறிஞர் சொன்னார். அவனும் அதற்குள் அந்த முடிவுக்கு வந்திருந்தான்.

ஹேவ்லாக் ஸ்குவேரிலுள்ள அரசு நீதிமன்றங்களின் கட்டடத்தில், ஒரு சிறிய அறையில் எங்கள் முறை வந்தது. குற்றச்சாட்டுத் தாளில் அவன் பேசிய தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் அப்படியே தட்டெழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஆங்கிலப் பொருளும் இருந்தது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், நடுத்தர வயதுப் பெண்மணி, அவன் புரிந்துகொண்டு ஒப்புக்கொள்கிறானா என்பதை உறுதிசெய்ய, அவற்றைத் தமிழில் வாசித்தார். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. அந்த அதிகாரியின் தாயைக் குறித்த வார்த்தைகள் அவை. எங்கள் ஊரில் ஒட்டுக்கடை வாசலிலும் பந்து விளையாடும் திடலிலும் தினமும் காதில் விழுந்து, நான் கேளாததுபோல் கடந்துபோகும் வார்த்தைகள். ஒரு வாழ்நாள் முழுவதும் நான் கற்பித்த மொழி, அந்நிய நாட்டு நீதிபதி முன்னால் சான்றாக வாசிக்கப்பட்டதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "புரிகிறதா?" என்று மொழிபெயர்ப்பாளர் மறுபடியும் கேட்ட பிறகே, "புரிகிறது, ஒப்புக்கொள்கிறேன்" என்றான்.

தண்டனைக் குறைப்புக்கான மனுவுடன், அந்த அதிகாரிக்கு அவன் எழுதிய மன்னிப்புக் கடிதத்தையும் வழக்கறிஞர் இணைத்திருந்தார். ஆங்கிலத்தில் ஒரு மாதிரிக் கடிதம் தரட்டுமா என்று அவர் கேட்டபோது, தமிழில் ஏசியதால் தமிழிலேயே எழுதுகிறேன் என்று அவனே சொன்னான். ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று இரவுகள் உட்கார்ந்து எழுதினான். ஒற்றுப்பிழைகள் இருந்தன, நான் திருத்தவில்லை.

முதல் குற்றச்சாட்டுக்கு 3,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டாவது, தண்டனையை முடிவு செய்யும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. கட்டத் தவறினால் சிறை. அன்றே கட்டிவிட்டோம். சித்தி மகளின் பிணை விடுவிக்கப்பட்டது; கடப்பிதழ் சில நாட்களில் திரும்பி வந்தது. இனிமேல் அவனை உள்ளே விடுவார்களா என்பதை ஒவ்வொரு முறையும் அந்நாட்டுக் குடிநுழைவு ஆணையமே முடிவு செய்யும்.

இப்போது அவன் குளுவாங்கில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். சம்பளம் வாங்கும் ஒவ்வொரு மாதமும் 500 ரிங்கிட் கொண்டுவந்து என் மேசையில் வைக்கிறான். அப்பாவின் சேமிப்புப் புத்தகத்திலிருந்து எடுத்தது முடிந்து, இப்போது என் பங்கு நடக்கிறது. கடந்த பொங்கலுக்குச் சித்தி மகள் குடும்பத்தோடு ரெங்கத்துக்கு வந்திருந்தாள். பானை பொங்கும்போது அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவன் அவன்தான். அவளுடைய சிறிய மகன் அவனிடம், "அண்ணா, மறுபடியும் எங்கள் வீட்டுக்கு எப்போது வருவீர்கள்?" என்று கேட்டான். "விட்டால் வருகிறேன், தம்பி" என்று சொல்லிவிட்டு, அவன் இன்னொரு விறகை எடுத்து வைத்தான்.