போர்வெல் போடும்போது வெளியே வரும் மண்ணைப் பார்த்திருக்கிறீர்களா?

பூம்புகார் என்றாலே எல்லோரும் கிழக்கே கடலைத்தான் பார்க்கிறோம். எனக்கென்னவோ அந்தக் கதையில் பாதி வயலுக்கு அடியில்தான் கிடக்கிறது என்று படுகிறது.

1960களில் பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது, மரக்கம்பங்களோடு. படகு வந்து நின்ற இடம் என்றால் அங்கே தண்ணீர் வந்திருக்க வேண்டுமே, அது எங்கே போனது? கல்வெட்டு அதைச் சொல்லாது. மண்தான் சொல்ல வேண்டும்.

பருமணல் என்றால் வேகமாக ஓடிய ஆறு. மெல்லிய வண்டல் என்றால் வெள்ளம் நின்று வடிந்த இடம். கருங்களியில் மக்கிய தழை இருந்தால் சதுப்பு. கடல் நுண்ணுயிரிகளின் ஓடு தெரிந்தால் உப்புநீர் ஏறி வந்திருக்கிறது. ஜனங்கள் நெடுங்காலம் குடியிருந்த இடத்தில் எலும்பும் சாணமும் குப்பையும் சேர்ந்து பாஸ்பேட் கூடிவிடும். மணல் துகள் கடைசியாக வெயில் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்றுகூட ஆய்வகத்தில் கணக்கிடுகிறார்கள். அதற்காகவே மாதிரியை வெளிச்சம் படாமல் குழாயோடு எடுப்பார்கள். (எனக்குப் பிடித்த வேலை இதுதான், பூமிக்குள்ளிருந்து இருட்டைக் கெடாமல் எடுத்து வருவது.)

இதில் பாதி நம்மூரில் போர் போடும் அண்ணன்களுக்கே தெரியும். "இன்னும் கொஞ்சம் இறங்குனா சிப்பி வரும், தண்ணி உவர்க்கும்" என்பார்கள், அப்படியே வரும்.

சீர்காழி, தரங்கம்பாடி பக்கம் யாராவது போர் போட்டால், வெளியே கொட்டும் மண்ணை ஆழம் குறித்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன். சிப்பி வந்தால் கட்டாயம்.