பூச்சி பார்க்கும் ஆள்

என் நண்பன் ஒருவன் நடந்து போகும்போதே சட்டென்று குந்திவிடுவான். என்னடா என்று கேட்டால் "எறும்பு" என்பான். பல வருஷம் அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் ஜன்னல் மூலையில் குளவி கட்டிக்கொண்டிருந்த மண் கூட்டைத் துடைப்பத்தால் தட்டப் போனேன். "அஞ்சு நிமிஷம் பாரேன்" என்றான். சரி என்று உட்கார்ந்தேன். ஈர மண்ணை உருண்டையாக வாயில் கவ்வி வந்து, ரீங்கரித்தபடியே தேய்த்துப் பூசிவிட்டு, மறுபடி மண்ணுக்குப் பறக்கிறது. அறை தயாரானதும், இனத்தைப் பொறுத்துச் சிலந்தியையோ புழுவையோ கொட்டி முடக்கி உள்ளே அடைத்து, முட்டையும் இட்டு, வாசலைப் பூசிவிடுமாம். குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்பார்களே, உண்மையில் அந்தப் புழு பாவம், சாப்பாடு! அதைத் தின்று வளர்ந்த குளவிக் குஞ்சுதான் வெளியே வருகிறது.

மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியர் பற்றியும் அவன்தான் சொன்னான். 13 வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தவர், பூச்சிகள் சேற்றிலிருந்து தானாகப் பிறப்பதாகப் பலர் நம்பிய காலத்தில். 1699-ல், 52 வயதில், மகளை அழைத்துக்கொண்டு பூச்சிகளைப் பார்த்து வரையவே தென் அமெரிக்காவில் இருக்கும் சுரினாமுக்குக் கப்பலேறியிருக்கிறார். அவரையும் எத்தனை பேர் கிண்டல் செய்தார்களோ.

எனக்குக் கரப்பான் இன்னும் பிடிக்காது, அதைப் பிடித்தே ஆகவேண்டும் என்று அவனும் சொல்லவில்லை. அந்தக் கூடு மட்டும் ஜன்னலில் அப்படியே இருக்கிறது, இப்போது அதில் மூன்று ஓட்டைகள்.