அம்மாவின் மூன்று வலி மாத்திரைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஆடி மாதம் கடுங்குளிரில் வருகிறது. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் நாளில், விடியுமுன்பே எழுந்து சிமெண்டுத் தரையில் மணிக்கணக்காக நின்று பானையைக் கிண்டுவதை அம்மா ஒரு வருடமும் விட்டதில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு அந்தக் குளிரில் இரண்டு முழங்கால்களும் வீங்கத் தொடங்கின. மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் சொன்னார்.

சென்ற ஆடியில் அம்மா மூன்று விதமான வலி மருந்துகளைச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. கிளினிக்கில் கொடுத்த ஐபுப்ரோஃபென் ஒன்று. பக்கத்து வீட்டு அக்கா தமக்கு நன்றாகக் கேட்டது என்று கொடுத்த டைக்ளோஃபெனாக் ஒன்று. தலை கனக்கும்போது மூலைக்கடையில் வாங்கிய ஆஸ்பிரின் பொடி ஒன்று. நிறமும் பெயரும் வேறாக இருந்ததால் மூன்றும் வேறு வேறு மருந்துகள் என்றே அவர் நம்பினார். உண்மையில் மூன்றும் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் ஒரே குடும்பத்து மருந்துகள். மலம் கறுத்துப் போனதைக் கண்டும், தாம் சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரையால் இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டார். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது உண்மைதான். ஆனால் தார் போல் பிசுபிசுப்பாகவும், வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடும் போனால் அது இரத்தம். அடுப்படியில் தலைசுற்றி உட்கார்ந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ஹீமோகுளோபின் மிகவும் குறைந்து 6.8 என்று இருந்தது. எண்டோஸ்கோபியில் இரைப்பையில் புண் தெரிந்தது. இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். அவருக்கு ஒரு நாளும் வயிறு வலித்ததில்லை என்பதுதான் என்னை இன்னும் கலங்க வைக்கிறது. வயதானவர்களுக்கு இந்தப் புண் பெரும்பாலும் வலி காட்டாமலே வளர்ந்து, இரத்தக் கசிவாகத்தான் முதலில் வெளிப்படும் என்று மருத்துவர் விளக்கினார்.

அம்மா ஒரு தடவைகூட வெறும் வயிற்றில் மாத்திரை போட்டவர் அல்லர். சாப்பிட்ட பின் போட்டால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை என்று நம் வீடுகளில் எல்லோரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த மருந்துகள் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதைத் தடுத்துத்தான் வீக்கத்தையும் வலியையும் குறைக்கின்றன என்பதை 1971இல் ஜான் வேன் கண்டறிந்தார். அந்தத் துறை ஆய்வுகளுக்காக 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கிறது. மருந்து இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் அந்தக் காவலைக் குறைப்பதால், உணவோடு விழுங்கினாலும், ஊசியாகப் போட்டாலும், ஆசனவாய் வழியாக வைத்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. சாப்பாடு குமட்டலையும் எரிச்சலையும் குறைக்கும், அவ்வளவே. வயதானவர்களுக்கும் முன்பே புண் வந்தவர்களுக்கும் இந்த மாத்திரை தேவைப்பட்டால், ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையையும் மருத்துவர் சேர்த்துத் தருவது அதனால்தான்.

ஒரே குடும்பத்து மருந்துகள் இரண்டை ஒன்றாகச் சாப்பிட்டால் நிவாரணம் இரட்டிப்பாவதில்லை, கெடுதல்தான் கூடுகிறது. ஆகையால் அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும். ப்ரூஃபென், நியூரோஃபென் இரண்டும் ஐபுப்ரோஃபென். வோல்டாரென் என்பது டைக்ளோஃபெனாக். மைப்ரோடாலுக்குள் ஐபுப்ரோஃபெனோடு பாராசிட்டமாலும் கோடீனும் இருக்கின்றன. கிராண்ட்பா பொடியில் ஆஸ்பிரினும் பாராசிட்டமாலும் காஃபீனும் உள்ளன. பனாடோ மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேராத பாராசிட்டமால்.

சிறுநீரகத்தைப் பற்றி நான் அறிந்தது இதைவிட அச்சம் தந்தது. நம்மவர்களில் எத்தனையோ பேர் இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலும், சிறுநீரைப் போக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் தினமும் சாப்பிடுகிறார்கள். சிறுநீரகத்துக்குள் இரத்தம் வரும் குழாயை விரித்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். வலி மாத்திரை அதைச் சுருக்கிவிடுகிறது. எனலாப்ரில் இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தம் சரிந்து சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும். தைப்பூசக் காவடி இங்கே கொளுத்தும் கோடையில் வருகிறது. விரதமிருந்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, வெயிலில் நடக்கப் போகிறவர்கள் முழங்கால் வலிக்குமே என்று முன்கூட்டியே மாத்திரை போடுவதைப் பார்த்திருக்கிறேன். மேற்சொன்ன மாத்திரைகள் எடுப்பவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ள நாள்களிலும் அப்படியே.

இதய நோய் உள்ளவர்களுக்கும் இந்த மருந்துகள் ஆபத்தானவை. வயிற்றைக் காக்கும் என்று வந்த, இதே குடும்பத்து ரோஃபெகாக்சிப் மாரடைப்பைக் கூட்டியதால் 2004 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் குறை அந்த ஒரு மருந்தோடு நிற்கவில்லை. ஆஸ்பிரின் தவிர இந்தக் குடும்பத்து மற்ற மருந்துகளுக்கும் அந்த எச்சரிக்கை கூடுதலாகவோ குறைவாகவோ பொருந்தும்.

இவற்றை அறவே ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வலியால் நடக்க முடியாமல் கிடப்பதும் உடம்பைக் கெடுக்கும். குறைந்த அளவில், குறைந்த நாள்களுக்கு, ஒரே ஒரு மருந்து என்பதுதான் மருத்துவர் எங்களுக்கு வகுத்துத் தந்த வழி. அம்மாவுக்கு இப்போது அதுவும் இல்லை. முழங்காலில் டைக்ளோஃபெனாக் ஜெல் பூசுகிறார். பூசும்போது இரத்தத்தில் கலக்கும் அளவு, மாத்திரையாக விழுங்கும்போது கலப்பதில் ஏறத்தாழ 6 விழுக்காடுதான். வலி கூடினால் பாராசிட்டமால்; அதையும் எவரும் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, மெலிந்த உடம்புக்காரர்களுக்கு இன்னும் குறைவு. நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி நிறுத்தும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்கிறார். தொடைத் தசை வலுப்பெற்ற பிறகு படியேறுவது எளிதாகியிருக்கிறது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு வழி வேறு: வலி மாத்திரை மூட்டு அழிவதைத் தடுக்காது, அதற்கென்று மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் உள்ளன, அவற்றோடு எந்த வலி மாத்திரையைச் சேர்ப்பதென்றாலும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும், பொடியும் தைலமும் உட்பட, ஒரு துணிப்பையில் போட்டு கிளினிக்குக்கு எடுத்துப் போகிறோம். சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை அடுத்த மாதம் இருக்கிறது. பெரியம்மா இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார்; முதுகுவலிக்கு என்ன போடுகிறார் என்று கேட்டதற்கு, ஏதோ பொடி என்றுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் அந்தப் பொட்டலத்தைப் படித்துப் பார்க்கப் போகிறேன்.